காந்தம் வைத்த வாரம், வைக்காத வாரம்

அந்தக் காந்தங்களை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். தேனியில் கம்பம் போகும் சாலையில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை இருந்தது. சின்னமனூர், உத்தமபாளையம் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் புகைந்துவிட்டால் மாட்டு வண்டியிலோ பஸ் கூரையிலோ ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவார்கள். கருகிய கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துக் கொடுப்பார். நான் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பழனிசெட்டிபட்டியில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். எழுபதுகளின் பிற்பகுதி அது.

எனக்கு ஒற்றைத் தலைவலி. இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ திருகாணியை முறுக்குவது போலத் தொடங்கும். பிறகு வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடப்பேன். அப்படிப்பட்ட நாட்களில் அவர் கடையிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் நுழையமாட்டார். வார்னிஷ் வாடை எனக்குக் குமட்டும் என்று தெரியும். பின்பக்கமாகப் போய்க் கிணற்றடியில் சோப்புப் போட்டுக் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு, அதன் பிறகுதான் அறைக்கு வருவார். வந்தும் எதுவும் கேட்கமாட்டார். நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டுவிட்டுக் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார்.

போடியிலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரி அவர் கடைக்கு வருவது வழக்கம். வயதில் மூத்தவர், நல்ல மனிதர். மதுரையில் யாரோ ஒருவர் காந்த வைத்தியம் செய்வதாகவும், காந்தத்தின் மேல் இராத்திரி முழுக்க வைத்த தண்ணீரைக் காலையில் குடித்தால் தீராத வலியெல்லாம் தீரும் என்றும் அவர்தான் சொன்னார்.

"மூணு மாசமாக் குடிக்கிறேன் தம்பி. முட்டி வலி போன எடம் தெரியல. வீட்டுல சம்சாரம் தலைவலியில அம்புட்டுக் கஷ்டப்படுதுன்னு சொல்றியே, குடுத்துத்தான் பாரேன். தண்ணிதானே, என்னத்தக் கெடுத்துரப் போகுது?"

கணவரின் கடையில் காந்தத்துக்குப் பஞ்சமில்லை. பழைய ஒலிபெருக்கிகளிலிருந்து கழற்றிய வளையக் காந்தங்கள் மூலையில் ஒன்றையொன்று கவ்வியபடி கிடக்கும். அவற்றில் கனமாக இரண்டைத் தேர்ந்தெடுத்து, துரு போகத் தேய்த்து, வெள்ளைத் துணியில் தைத்து எடுத்துவந்தார். தைத்தது அவரே. தையல் கோணலும் மாணலுமாக இருந்தது. வாய் அகன்ற கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு காந்தம், மேல்மூடியில் ஒரு காந்தம் என்று வைத்தார்.

நான் சிரித்தேன். சட்டக்காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் தூவிக் காட்டும் பாடத்தை வருஷாவருஷம் நடத்துகிறவள் நான். தண்ணீரைக் காந்தம் இழுக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் காலையில் அவர் அந்தத் தண்ணீரை டம்ளரில் ஊற்றி நீட்டியபோது வாங்கிக் குடித்தேன். வலியில் கிடப்பவளுக்குப் பாடம் நினைவுக்கு வருவதில்லை.

தலைவலி குறைந்தது. முதலில் வாரக்கணக்கில் வராமல் இருந்தது. புரட்டாசியில் ஒரு நாள் லேசாக வந்து, மதியத்துக்குள் போய்விட்டது. ஐப்பசி மழைக்காலம் முழுக்க ஒன்றுமில்லை. பள்ளியில் சக ஆசிரியைகள் முகம் தெளிந்திருக்கிறதே என்றார்கள். நான் காந்தத் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். அறிவியல் டீச்சரே சொல்வதால் அவர்களும் நம்பினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் நம்பினாள்.

அவளுடைய கணவர் லாரி டிரைவர். காய்கறி ஏற்றிக்கொண்டு மலை ஏறிக் கேரளாவுக்குப் போனால் திரும்பி வர நாளாகும். அவளும் மகளும்தான் வீட்டில். மகள் எட்டாம் வகுப்பு, என் மாணவி. அமைதியான பெண், எழுத்து முத்து முத்தாக இருக்கும். தாய் என்னை 'டீச்சர்' என்பாள், என் கணவரை 'அண்ணே' என்பாள். அந்த முறையில் மகள் அவரை 'மாமா' என்று கூப்பிடுவாள். என்னை மட்டும் வீட்டிலும் 'டீச்சர்' என்றுதான் சொல்வாள். பக்கத்து வீட்டுப் பெண் உடம்பு வலிக்கிறது என்று சொல்லித் தினமும் காலையில் ஒரு செம்பு காந்தத் தண்ணீர் வாங்கிப்போவாள். அவருக்கு அதில் சந்தோஷம். அவளுக்கென்றே இன்னொரு பாட்டில் வைத்தார்.

கார்த்திகை மாதம். என் வகுப்பில் அவள் மகள் எழுந்து நின்று பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். வாசிப்பு நடுவில் நின்றது. நான் தலை நிமிர்வதற்குள் விழுந்துவிட்டாள். கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. பெஞ்சுகளைத் தள்ளச் சொல்லிவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். ஆயாம்மா சாவிக்கொத்தோடு ஓடிவந்து அவள் கையில் திணிக்கப் பார்த்தார். வேண்டாம் என்று விலக்கினேன். இழுப்பு நின்றதும் என் மடியில் தலைவைத்து அயர்ந்து தூங்கினாள். அவள் பாவாடை நனைந்திருந்தது. மற்ற பிள்ளைகள் பார்க்காமல் என் முந்தானையால் மூடினேன்.

அவளுக்கு வலிப்பு இருப்பது எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டபோதுதான் தாய் அழுதுகொண்டே சொன்னாள்.

"ரெண்டு வருசமா இருக்கு டீச்சர். பெரியாஸ்பத்திரியில மாத்திரை குடுத்தாக. அதைப் போட்டா வர்றதில்ல. ஆனா புள்ள தூங்கித் தூங்கி விழுகுது. பொம்பளப் புள்ள, நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவாக? உங்களுக்கு அம்புட்டுத் தலைவலியும் அண்ணன் குடுத்த தண்ணியில நின்னு போச்சு. அதான் மாத்திரைய நிறுத்திட்டு அந்தத் தண்ணியையே குடுத்துக்கிட்டு வர்றேன்."

உடம்பு வலி என்று அவள் வாங்கிப்போனதெல்லாம் மகளுக்குத்தான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்துபோய் இரண்டு பாட்டில்களின் அடியிலிருந்தும் காந்தங்களை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண் செம்போடு வந்து நின்றாள். அவர் கை கூப்பாத குறையாகச் சொன்னார்.

"இனிமே வேணாம் தங்கச்சி. மாத்திரையைக் குடு. இந்தத் தண்ணியில ஒண்ணும் இல்ல."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "ஒண்ணும் இல்லாமயா டீச்சருக்கு நின்னுச்சு? உங்க வீட்டுக்கு ஆகும், எங்களுக்கு ஆகாதா அண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன்? எனக்கு நின்றது உண்மை. அந்தத் தண்ணீரால்தான் நின்றது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் வெறும் செம்போடு திரும்பிப் போனாள்.

சாயங்காலம் நான் காபி கொடுத்தபோது அவர் மெதுவாகக் கேட்டார். "உனக்கு நெசமாவே அதாலதான் நின்னுச்சா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"பொய்யின்னு யாரு சொன்னா? நின்னது தெரியுது. எதால நின்னுச்சுன்னு தெரியல. மோட்டாருல ரெண்டு சாமானை ஒரே நேரத்துல மாத்திட்டா எது கோளாறுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. ஒண்ணொண்ணாத்தான் மாத்திப் பாக்கணும். நாம பாக்கவே இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. வலி எனக்கு, நின்றதும் எனக்கு. இதில் இவர் என்ன பார்ப்பது? ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து அந்தப் பெண் சத்தம் போட்டுப் படிப்பது கேட்டது. வகுப்பில் விட்ட அதே பாடம். என் கோபம் அடங்கிவிட்டது. "சரி, பாப்போம்" என்றேன்.

முதலில் நாங்களே செய்துபார்த்தோம். சில நாள் காந்தம் வைத்த தண்ணீர், சில நாள் சும்மா தண்ணீர். எது என்று அவர் சொல்லமாட்டார். குடித்துவிட்டு நான் சொல்லவேண்டும். நான் அநேகமாக எல்லா நாளும் சரியாகச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம், எனக்குப் பெருமை. காந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது ஒரு குளுமை தெரிகிறது என்றுகூடச் சொன்னேன்.

ஒரு நாள் காலையில் டம்ளரை வாங்கும்போதுதான் அதைக் கவனித்தேன். காந்தம் வைத்த நாளில் அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பார். சும்மா தண்ணீர் நாளில் மேஜையில் வைத்துவிட்டுச் சட்டையைத் தேடப் போய்விடுவார். அவருக்கே தெரியாமல் அப்படிச் செய்துகொண்டிருந்தார். நான் இத்தனை நாளும் அதைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல்.

சொன்னதும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. "அப்ப நீ தண்ணியப் பாக்கல. என்னையத்தான் பாத்திருக்க."

"தெனமும் பாக்குற மூஞ்சிதானே."

"இது ஆகாது. நமக்குள்ள வச்சுக்கிட்டா ஒண்ணும் தெரியாது. நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாத மாதிரி வைக்கணும்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பாட்டில் பக்கத்து வீட்டில் இருக்கட்டும். காந்தம் வைப்பதா வேண்டாமா என்பது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் தெரியட்டும். என் வாயிலிருந்தோ அவர் வாயிலிருந்தோ எதைக் கேட்டாலும் அவள் நம்பப்போவதில்லை. அவளே கண்ணால் பார்க்கட்டும்.

இரண்டு பேருமாகப் போய்க் கேட்டோம். அவளுக்கு அதற்குள் வருத்தம் தணிந்திருந்தது. ஆனால் என் கணவர் ஒரு நிபந்தனை வைத்தார். இந்தச் சோதனை முடிந்து, அதன் பிறகு டாக்டரும் சொல்லும்வரை, மகளுக்கு மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. "தலைவலியை வச்சுச் சோதிக்கலாம் தங்கச்சி. வலி எனக்கு வேண்டியவளுக்கு, அவளும் சம்மதிச்சுட்டா. உன் மகளை வச்சுச் சோதிக்க முடியாது."

அவள் தலையாட்டினாள். அந்த வாரமே நான் லீவு போட்டுவிட்டுத் தாயையும் மகளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அம்மா கோபிக்கவில்லை. மாத்திரையை முழுசாகத் திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும் என்று விளக்கிச் சொன்னார். தூக்கம் வருகிறது என்பதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார். காலையில் கொடுத்துக்கொண்டிருந்த மாத்திரையை இரவில் படுக்கும்போது கொடுக்கும்படி மாற்றி எழுதினார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அந்தப் பெண் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "கேட்டிருந்தா முன்னாடியே மாத்திக் குடுத்திருப்பாகள்ல டீச்சர்?" என்றாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் தாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

தை மாதம் சோதனையைத் தொடங்கினோம். பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு புளியங்கொட்டைகளை எடுத்து ஒன்றை மட்டும் வெள்ளையாகத் தேய்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு டப்பாவிலிருந்து ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் அந்த வாரம் முழுக்கக் காந்தம், கறுப்பு வந்தால் இல்லை. அவள் வீட்டுக் காலண்டரில் அதைக் குறித்துக்கொள்வாள். எங்கள் வீட்டுக் காலண்டரில் நான் தலைவலி வந்த நாளைக் குறிப்பேன். பாட்டிலைக் கையில் கொடுக்கக் கூடாது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். விடிந்ததும் இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதில்மேல் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். அவள் வைத்துவிட்டு ஓடுவதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கையில் எனக்குச் சிரிப்பு வரும்.

தையும் மாசியும் நன்றாகப் போயின. பங்குனியில் ஒன்றிரண்டு தரம் வந்தது. சித்திரை வெயிலிலும் பெரிதாக இல்லை. நான் உள்ளுக்குள் எல்லா வாரமும் காந்த வாரம் என்றே எண்ணிக்கொண்டேன். காந்தம்தான் காப்பாற்றுகிறது என்று இன்னமும் ஒரு ஆசை.

வைகாசி பிற்பாதியில் காற்று எழுந்தது. எங்கள் ஊர்க் காற்றை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மலை இடுக்கிலிருந்து கிளம்பி, பள்ளத்தாக்கு நெடுக இரவும் பகலும் இரைந்துகொண்டே வரும். வாழை இலைகள் நார் நாராகக் கிழியும். கதவுகள் படார் படாரென்று அடிக்கும். மண் கண்ணில் விழும். ஆனி பிறந்ததும் எனக்குத் தலைவலி திரும்பி வந்துவிட்டது. பழைய மாதிரியே, வாந்தியோடு. ஒரு வாரத்தில் பல நாள் பள்ளிக்குப் போகமுடியாமல் படுத்திருந்தேன்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த என்னைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். தரையில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் அழுவது தெரிந்தது.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். அண்ணன்கிட்ட நீங்கதான் சொல்லணும். இந்த வாரம் கறுப்புக் கொட்டைதான் வந்துச்சு. நீங்க இப்படிக் கெடக்குறதைப் பாத்துக்கிட்டு எனக்குச் சும்மா தண்ணி வைக்க மனசு வரல. திங்கக்கெழம இருந்தே காந்தம் வச்சுத்தான் குடுத்தேன். ரெண்டு காந்தமும் வச்சேன். அப்பவும் நிக்கலையே டீச்சர்."

வலியோடு எழுந்து உட்கார்ந்தேன். அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். எனக்காகத்தான் அவள் விதியை மீறியிருக்கிறாள். மீறியும் என் வலி தீரவில்லை என்பதுதான் அவள் அழுகை. அந்த அறையின் இருட்டில் எங்கள் இரண்டு பேருக்குமே அது அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. "அது இருக்கட்டும். ஆனா அந்த வாரத்தைக் கணக்குல சேர்க்கக் கூடாது" என்றார்.

"காந்தம் வச்சும் நிக்கலேல்ல? உங்க பக்கம்தானே அது?"

"என் பக்கமா இருந்தாலும் சேர்க்கக் கூடாது. பக்கம் பாத்துச் சேத்தா அப்புறம் எதுக்குச் சோதனை?"

ஆடி முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்தோம். இரண்டு காலண்டர்களையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஒவ்வொரு முனையிலும் ஒரு டம்ளர் வைத்தோம். அவள் வாரத்தைப் படிக்க, நான் நாளைப் படிக்க, அவர் எண்ணினார். 'கண்ணீர் வாரத்தை' அடித்துவிட்டோம். அப்படித்தான் அதற்குப் பெயர் வைத்திருந்தார் என் கணவர்.

காந்தம் வைத்த வாரங்களிலும் வந்திருந்தது, வைக்காத வாரங்களிலும் வந்திருந்தது. ஒன்றுக்கொன்று சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நான் மிகவும் நன்றாக இருந்ததாக எண்ணிய மாசி மாதம் பாதிக்கு மேல் சும்மா தண்ணீர்தான் குடித்திருக்கிறேன்.

அவர் ஆனி, ஆடித் தாள்களைத் தட்டிக் காட்டினார். குறிகளெல்லாம் அங்கேதான் குவிந்து கிடந்தன. "காத்தைப் பாரு" என்றார்.

பார்த்தேன். போன வருஷம் காந்தங்களை அவர் தைத்துக் கொண்டுவந்தது ஆவணியில். காற்று ஓயும் நேரம். எனக்கு நின்றது காற்று ஓய்ந்ததால் இருக்கலாம். காந்தம் சரியான நேரத்துக்கு வந்து பெயரைத் தட்டிக்கொண்டது. காற்றுதான் காரணம் என்று அன்றும் நாங்கள் முடிவாகச் சொல்லவில்லை. காந்தம் இல்லை என்பதை மட்டும் சொல்ல முடிந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். "அந்த மாத்திரைய நான் நிறுத்தியிருக்கக் கூடாதுல்ல அண்ணே?"

"நான் ஊருக்கெல்லாம் தண்ணி குடுத்திருக்கக் கூடாது தங்கச்சி."

மகளுக்குக் கார்த்திகைக்குப் பிறகு வலிப்பு வந்திருக்கவில்லை. வகுப்பில் தூங்குவதும் குறைந்திருந்தது.

அவள் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்டார். "ஏமாந்துட்டோம்னு நெனைக்கிறியா?"

"அதில்ல. நீங்க எனக்குன்னு தச்சுக் கொண்டுவந்தது. அது வேலை செய்யலையேன்னு இருக்கு."

அடுத்த வருஷம் காற்று தொடங்குவதற்கு முன்பே அவர் வீட்டில் வேலையைத் தொடங்கிவிட்டார். எந்தக் கதவும் அடித்துக்கொள்ளாதபடி ஒவ்வொரு சட்டத்திலும் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினார். மேற்கு ஜன்னலுக்குப் பலகை அடித்தார். பள்ளிக்குப் போகையில் நான் காதை மூடித் தலையில் துணி கட்டிக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் சாப்பிட்டேன். அந்த வருஷம் தலைவலி கொஞ்சம் குறைவு போலத்தான் இருந்தது. எதனால் என்று சோதித்துப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போடி வியாபாரியிடமும் அவர் மறைக்கவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னார். அந்தப் பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது உன் சம்சாரத்துக்கு வேலை செய்யல தம்பி. எனக்கு முட்டி வலி போயிருச்சே" என்றார்.

"அதையும் இதே மாதிரி பாக்கலாம்ணே. யாரையாவது வச்சு."

"வேணாம்ப்பா. நல்லா இருக்கேன். நல்லா இருக்கிறதை எதுக்கு நோண்டணும்?"

பெரியவர் சாகும்வரை காந்தத் தண்ணீர் குடித்தார் என்று கேள்விப்பட்டோம். அவர்களுடைய சிநேகிதத்துக்கு ஒரு குறைவும் வரவில்லை. ஏலக்காய் வாங்கப் போடிக்குப் போனால் இப்போதும் அவர் பிள்ளைகளிடம்தான் வாங்குகிறோம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் மகள் பள்ளி முடித்தாள். டைப்ரைட்டிங் படித்தாள். எண்பதுகளின் நடுவில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். தாய் ஒரு நாள் வந்து என் கணவரிடம் கேட்டாள்.

"அண்ணே, அவுக லாரியில போயிருக்காக. பொண்ணு பாக்க வர்றவுககிட்ட வலிப்பு இருக்குன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். மறைச்சுக் கட்டிக் குடுத்தா அங்கன போயி மாத்திரையையும் மறைச்சுத்தான் போடணும். எப்ப நிறுத்துவாளோன்னு நான் இங்கன உக்காந்து பயந்துக்கிட்டே இருக்கணும். நான் சொன்னா அழுகை வந்துரும். நீங்க சொல்றீகளா?"

முதலில் வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். பதில் வரவில்லை. அன்று அந்தப் பெண் தானாகவே தலையிலிருந்த பூவை எடுத்து எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள்.

அடுத்து வந்தவர்கள் கடமலைக்குண்டுக்காரர்கள். பையன் மளிகைக் கடை வைத்திருந்தான். பெற்றோரோடு வந்திருந்தான். பலகாரம் வைக்கும் முன்பே என் கணவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். பையனின் தகப்பனார் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இப்பக் கொணமாயிருச்சுல்ல?"

தாய் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். என் கணவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

"கொணமாயிருச்சுன்னு நான் சொல்ல மாட்டேங்கய்யா. மாத்திரை போட்டா வர்றதில்ல. பல வருசமா வரல. நிறுத்துனா வரும். டாக்டர் சொல்லாம நிறுத்தக் கூடாது. எங்களுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

தகப்பனார் மகனைப் பார்த்தார். மகன் தாயைப் பார்த்தான். அந்த அம்மா எங்களிடம் கேட்காமல் நேராக அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"அந்த மாத்திரை எங்க ஊருல கெடைக்குமா ஆத்தா?"

"கெடைக்காது. தேனிக்கு வந்துதான் வாங்கணும்."

"எத்தனை நாளைக்கு ஒருக்கா?"

"மாசம் ஒருக்கா."

"மாசம் ஒருக்கா தாய் வீட்டுக்கு வந்துட்டுப் போனா யாரு வேணாங்கப் போறா?" என்று சொல்லிவிட்டு, "பலகாரத்தை எடுத்துட்டு வா" என்றார்.

வைகாசியில் கல்யாணம். லாரியிலிருந்து இறங்கி நேரே மண்டபத்துக்கு வந்த தகப்பன், மகள் கழுத்தில் தாலி ஏறும்போது என் கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான முதல் மாதம் மாத்திரை வாங்க அவள் வந்தபோது மாப்பிள்ளையும் கூடவே வந்திருந்தான். எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள்.